ஒளிக் கார்ட்ரிட்ஜும் என் காதும்

போன வாரம் நான் கடைப் பக்கம் வந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் என்னைப் பிடித்து உட்கார வைத்து, ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டீர்கள். ஒளியில் வேலை செய்கிற கார்ட்ரிட்ஜ் உசத்தியா, ஸ்ட்ரெயின் கேஜ் உசத்தியா, இல்லை காந்தமும் கம்பிச்சுருளும் வைத்த பழைய ரகமே போதுமா? முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கடையில் இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிள்களைப் பழுது பார்த்தவன், ஒரு வரியில் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் டீயைக் குடித்து முடித்து, "எழுதித் தர்றேன்ப்பா" என்று நழுவிவிட்டேன். அந்தக் கேள்விக்கு ஒருமுறை நான் துளிச் சந்தேகமும் இல்லாமல் பதில் சொல்லியிருக்கிறேன். அதனால் வந்த வினையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நீங்கள் சேர்ந்து மாதம் ஆகவில்லை என்பதால் அடிப்படையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி ஓடுகிறது. பள்ளம் நெளிவதால் ஊசி ஆடுகிறது. அந்த ஆட்டத்தை மின்சாரமாக மாற்றிக் கொடுப்பதுதான் கட்டைவிரல் நுனி அளவுள்ள கார்ட்ரிட்ஜின் வேலை. சாதாரண ரகங்களில் அதைக் காந்தம் செய்கிறது. ஒளி ரகத்தில் உள்ளே ஒரு குட்டி விளக்கு எரியும். ஊசித் தண்டில் ஒட்டிய சின்னத் தகடு ஆடி ஆடி வெளிச்சத்தை மறைக்கும். நிழல் கூடிக் குறைவதைத்தான் பாட்டாகக் கேட்கிறோம். ஸ்ட்ரெயின் கேஜில் விளக்கும் இல்லை, காந்தமும் இல்லை. ஊசியின் ஆட்டம் இரண்டு சிலிக்கான் துணுக்குகளை அமுக்கி இழுக்க, அவற்றின் வழியே போகிற மின்சாரம் ஏறி இறங்கும். இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி வேண்டும், நம் வழக்கமான ஆம்ப்ளிஃபயரில் நேராகச் செருக முடியாது. மீதியைக் கலாவதி மேடத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேடம் என்று நீங்கள் இன்று மரியாதையாகச் சொல்கிறீர்கள். இது நடந்தபோது அவர் எனக்குக் கலா. டிப்ளமோ முடித்து, ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்துகொண்டிருந்தார். சேர்ந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. சாலிடரிங்கில் என்னை விடச் சுத்தமான கை. நானும் ஸ்ரீராம்புரத்துக்காரன்தான், அப்பா முனிசிபாலிட்டியில் இருந்தார். ஒரே பேட்டை என்ற உரிமையில் அந்தப் பெண்ணை நான் கொஞ்சம் அதிகமாகவே அதட்டுவேன். அதற்குப் பாசம் என்று பேர் வைத்திருந்தேன்.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. வாடிக்கையாளர் இரண்டு கார்ட்ரிட்ஜுக்கு நடுவில் தடுமாறினால், பின்னறையில் இரண்டு டர்ன்டேபிளில் இரண்டையும் மாட்டி, நடுவில் துணித் திரை கட்டி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்க வைப்போம். இரண்டின் சத்தத்தையும் மீட்டர் வைத்துச் சமமாக்கிவிட்டுத்தான் தொடங்குவோம். அரை நூல் கூடுதல் சத்தம் இருந்தாலும் மனுஷக் காது அதையே நல்லது என்று சொல்லிவிடும். கடைசியில் நான் தீர்ப்பு சொல்வேன். அதை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஊருக்குள் "அந்தக் கடை முருகேசன் காது" என்று ஒரு பேச்சே உண்டு. கேட்கக் கேட்க எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது. எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர், காதை நம்பு ஆனால் ஊசியைக் கண்ணால் பார், என்பார். முதல் பாதியை மட்டும் நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து தேவசகாயம் மாஸ்டர் வந்தார். சர்ச் பாடகர் குழுவை நாற்பது வருஷமாக நடத்துகிறவர். எழுபது தாண்டியும் முதுகு வளையாத மனிதர். கையில் ஒரு சின்ன டப்பா. அதில் ஸ்ட்ரெயின் கேஜ் கார்ட்ரிட்ஜ் ஒன்று; அதற்கான தனிப் பெட்டி தோள்பையில். வெளிநாட்டில் இருக்கிற மருமகன் யாரிடமோ பழசாக வாங்கி அனுப்பியது. ஒளி ரகத்தைப் பற்றியும் எங்கோ படித்துவிட்டு, நம் கடையில் இருந்த ஒளி கார்ட்ரிட்ஜையும் கேட்டுப் பார்க்க வந்திருந்தார்.

"முருகேசு, எங்கிட்ட ஒரு தட்டு இருக்கு," என்றார். "எங்க க்வயர் பாடினது. நான் அதுல டெனர், ஆம்பளைங்கள்ல மேல் குரல். அந்தக் காலத்துல நாங்களே காசு போட்டு கொஞ்சம் காப்பிதான் அடிச்சோம். இப்ப சபையில யார்கிட்டயும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சதும் எல்லாரும் எங்க வீட்டுக்கு வர்றாங்க. அன்னிக்குப் போட்டு, கம்ப்யூட்டர்ல ஏத்திடணும். அதுல பாடினவங்கள்ல நானும் இன்னும் ரெண்டு பேரும்தான் உசிரோட இருக்கோம். எதுல போடட்டும்னு நீ சொல்லு."

தட்டை அவர் கொண்டுவரவில்லை. அந்த எச்சரிக்கை அவருக்கு இருந்தது. கடையில் இருந்த வேறொரு குழுப்பாட்டுத் தட்டைப் போட்டோம். திரைக்குப் பின்னால் கலா இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினார்.

ஒரு கார்ட்ரிட்ஜ் எனக்கு மொத்தையாகக் கேட்டது. குரல்கள் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி. இன்னொன்று வந்ததும் கதவைத் திறந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நின்றது. மாஸ்டரைப் பார்த்தேன், அவர் முகமும் மலர்ந்திருந்தது. திரையை விலக்கினோம். எங்களுக்குப் பிடித்தது அவர் கொண்டுவந்த ஸ்ட்ரெயின் கேஜ்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. ஒளி கார்ட்ரிட்ஜை அவர் தலையில் கட்டியிருந்தால் கடைக்கு அந்த மாதத்தின் பெரிய விற்பனை. அதை வேண்டாம் என்று சொல்கிறேன் பார், என் நேர்மை என்ன, என் காது என்ன! இப்படி உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டிருக்கும்போது கலா வாயைத் திறந்தார்.

"சார், இந்த ஸ்ட்ரெயின் கேஜ்ல 'ஸ' வர்ற எடமெல்லாம் கிழியுது. கண்ணாடிய அரைக்கற மாதிரி இருக்கு. ஊசிய ஒரு வாட்டி மைக்ராஸ்கோப்ல பாத்துடலாமா?"

மைக்ராஸ்கோப் அதே மேஜையில், கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. வைத்துப் பார்க்க ஐந்து நிமிஷம். ஆனால் மாஸ்டர் முன்னால், அதுவும் நான் தீர்ப்பு சொல்லி முடித்த பிறகு!

"கலா," என்றேன், "கடைக்கு வியாபாரம் ஆகணும்னு கஸ்டமர் கொண்டுவந்த பொருள மட்டம் தட்டக் கூடாது. இத்தன வருஷத்துல நான் அப்பிடிப் பண்ணதில்ல. நீயும் பண்ணாத."

அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் அதுக்குச் சொல்லல சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினார். மாஸ்டர் சங்கடத்தோடு சிரித்து, "விடு முருகேசு, சின்னப் பொண்ணு" என்றார். நான் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாஸ்டர் டப்பாவைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை வேறொரு வேலை. அடுகோடியிலிருந்து வந்த ஒரு டர்ன்டேபிளைச் சோதனைத் தட்டு வைத்துக் கலா சரிபார்த்துக்கொண்டிருந்தார். சோதனைத் தட்டில் பாட்டெல்லாம் கிடையாது. அடியில் உறுமலாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, உச்சிக்குப் போய் விசிலாக முடியும். நான் பக்கத்து மேஜையில் ஒரு பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விசில் ஏறிக்கொண்டே வந்து நின்றுவிட்டது. கலா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் நிறுத்திட்ட? அடுத்ததுக்குப் போயேன்," என்றேன்.

கலா திரும்பிப் பார்த்தார். "நிறுத்தல சார். ஓடிட்டுத்தான் இருக்கு."

ஊசி தட்டின் மேல் இருந்தது. மீட்டரின் முள் நட்டுக்குத்தலாக நின்றது. எனக்கு மின்விசிறிச் சத்தமும் தெருவில் ஆட்டோ ஹாரனும் கேட்டன. வேறொன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் ஒயர் கழன்றிருக்கும் என்று எழுந்து போய்ப் பார்த்தேன். கழன்றிருக்கவில்லை. "சத்தத்தைக் கூட்டு," என்றேன். கலா தயங்கினார். "கூட்டுன்னா கூட்டேன்!"

கூட்டினார். அந்த நேரம் பார்த்து எதிர்ச் சாரி டீக்கடை ரஃபீக் பாய் டம்ளர்த் தட்டோடு உள்ளே வந்தார். வாசலிலேயே முகத்தைச் சுளித்து, ஒரு தோளால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்: "அரே, என்னா சார் இது, மண்டைக்குள்ள ஊசி எறக்கற மாதிரி! மொதல்ல பந்த் பண்ணுங்க!"

கலா நிறுத்தினார். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ரஃபீக் பாய் டீயை வைத்துவிட்டு, தலையை உலுக்கிக்கொண்டே போனார். நானும் கலாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் டீயைக் குடித்தோம்.

அன்று மத்தியானம் சாப்பிடப் போகாமல் என் தீர்ப்பு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பக்கங்களில் விதவிதமாக எழுதியிருந்தேன். இது மிருது, இது கூர்மை அதிகம், இது கர்நாடக சங்கீதத்துக்கு ஆகும், இது ஆகாது. கடைசி ஐந்தாறு வருஷப் பக்கங்களில் இரண்டே சொற்கள்தான். பிடித்ததற்கெல்லாம் "பளிச்". பிடிக்காததற்கெல்லாம் "மூடிக் கிடக்கிறது". மூடிக் கிடந்தது எது என்று அப்போதுதான் உறைத்தது. மேல் சுருதி எனக்குக் குறைந்துகொண்டே போக, அதைக் கூட்டிக் கொடுக்கிற கார்ட்ரிட்ஜ்களை எல்லாம் நல்லவை என்று ஊருக்கே எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்னை நம்பி வாங்கியவர்கள் எத்தனை பேர் காது கூசக் கூசக் கேட்டுவிட்டு, முருகேசனே சொன்னார், குறை நம்மிடம்தான் இருக்கும் என்று நினைத்தார்களோ. எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஐம்பத்தெட்டு வயசு, காதுதான் என் பிழைப்பு.

வெட்கத்தையும் பயத்தையும் சொல்லிவிட்டேன், செய்த தப்பையும் சொல்லிவிட வேண்டும். அந்த வெள்ளிக்கிழமையே நான் மாஸ்டருக்குப் போன் செய்திருக்கலாம். கலாவுக்குக் கேட்டது உண்மை என்றால் அந்த ஊசி உடைந்த ஊசி. உடைந்த ஊசி பாட்டைக் கெடுப்பதோடு நிற்காது, பள்ளத்தையே செதுக்கிவிடும். அப்புறம் எந்த உசத்திக் கார்ட்ரிட்ஜை வைத்தாலும் அந்தத் தட்டு பழையபடி பாடாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நடுவில் அவர் அந்தத் தட்டைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசிக்க மறுத்தேன்.

சனிக்கிழமை காலையில் கலா என் மேஜை மேல் கைக்கு அடக்கமான மைக்ராஸ்கோப்பையும் ஒளி கார்ட்ரிட்ஜின் டப்பாவையும் கொண்டுவந்து வைத்தார். நான் இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மாஸ்டர் வீட்டுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அவர் ரொம்ப சந்தோஷத்தில் இருந்தார். "வா வா முருகேசு! மூணு நாளா இதே வேலதான். நாலு தட்டு கேட்டுட்டேன். என்னா தெளிவு! இத்தன நாளு எங்க ஒளிஞ்சிருந்துதுன்னு தெரியல."

"அந்த க்வயர் தட்டு, மாஸ்டர்?" என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

பியானோ மேல் உறையோடு இருந்த தட்டைக் காட்டினார். "அத இன்னும் தொடல. நாளைக்கு எல்லார் முன்னாடியும்தான்."

எனக்கு மூச்சு வந்தது. "ஒரு செக் பண்ணிடறேன்," என்று ஊசியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். வைரத்தின் ஒரு பக்கம் சில்லு பெயர்ந்திருந்தது. அதில் கருப்பாக நூல் நூலாக ஏதோ சுற்றியிருந்தது. அழுக்கு இல்லை. மாஸ்டர் ஆசையாகக் கேட்ட நான்கு தட்டுகளிலிருந்தும் செதுக்கி எடுத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் இதுபோல ஒரு இடத்தில் நீங்களும் ஒரு நாள் நிற்கப் போகிறீர்கள். தட்டு பிழைத்துவிட்டது. ஊசியை மாற்றினால் வேலை முடிந்தது. ஏன் என்று சொல்லும்படி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. என் வாய் எனக்கு முன்னால் முந்திக்கொண்டது.

"ஊசில சின்ன அடி பட்டிருக்கு மாஸ்டர். கடையிலேர்ந்து வர்ற வழில பட்டிருக்கும். நாளைக்கு இது வேணாம். நான் வேற கொண்டுவந்திருக்கேன்."

பொய் எவ்வளவு வழவழப்பாக வந்தது என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. மாஸ்டர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். "நல்ல வேள நீ வந்த. பாரு, அன்னிக்கு அந்தப் பொண்ணு கடைக்கு வியாபாரம் பாக்கணும்னு என்னமோ சொல்லிச்சு. நீயா இருந்ததால நேர்மையா நடந்துகிட்ட. அதனாலதான் இத்தன வருஷமா நான் வேற கடைக்குப் போறதில்ல."

கன்னத்தில் அறைந்திருந்தால் கூடப் பொறுத்திருப்பேன். கலா சொன்னது சரி. அவர் பெயரை நான்தான் கெடுத்தேன். இப்போது என் பொய் அதன் மேல் ஆணி அடிக்கிறது, எனக்கோ மாலை விழுகிறது.

"மாஸ்டர், உக்காருங்க," என்றேன். "வழில அடி படல. கடையிலயே அப்பிடித்தான் இருந்திருக்கு. அந்தப் பொண்ணுக்குக் கேட்டுது. எனக்குக் கேக்கல. என் காது போயிடுச்சு மாஸ்டர். மேல வர்ற சத்தம் எனக்கு வர்றதில்ல. நேத்துதான் தெரிஞ்சுது."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"அன்னிக்கு எனக்கும் அதுதான முருகேசு நல்லா இருந்துது?"

நான் அதை யோசிக்கவே இல்லை. என் குறையைச் சொல்லி முடிக்கிற அவசரத்தில், அதையே அவர் மடியிலும் வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

மாஸ்டர் சமையலறைப் பக்கம் திரும்பி மகன் மனைவியைக் கூப்பிட்டார். "சில்வியா, இங்க வாம்மா. மூணு நாளா நான் போடற பாட்டு உனக்கு எப்பிடி இருக்கு? ஒள்ளது ஒள்ளபடி சொல்லு."

சில்வியா கையைத் துடைத்துக்கொண்டே வந்து என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாமா... காது கூசுது மாமா. சொல்லலாமான்னு இருந்தேன். நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. அதான் கதவ சாத்திக்கிட்டேன்."

மாஸ்டர் தலையை ஆட்டினார். பியானோ ஸ்டூலில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "மேல் சுருதி பாடற சோப்ரானோல ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க, அக்கா தங்கச்சி. ரெண்டு வருஷமா அவங்களத் திட்டறேன். சொல்லோட கடைசி எழுத்த முழுங்கறீங்க, வாயத் தொறந்து பாடுங்கன்னு. எல்லார் முன்னாடியும் நிறுத்தி நிறுத்தித் திட்டறேன். போன மாசம் சின்னவ அழுதுட்டா." அவர் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "அவங்க பாடிட்டுத்தான் இருந்தாங்களா?"

"இருந்திருப்பாங்க மாஸ்டர்," என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கலா வந்தார். விடுமுறை நாள், வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஒளி கார்ட்ரிட்ஜுக்கான பெட்டியையும் கடை ஆம்ப்ளிஃபயரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவராகவே வந்தார். முதலில் ஒளி கார்ட்ரிட்ஜின் ஊசியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அப்புறம் ஊசி தட்டை அழுத்துகிற எடையைச் சரிபார்த்து, சோதனைத் தட்டை ஓட்டி, ஹெட்ஃபோன் மாட்டி, கம்ப்யூட்டரோடு இணைத்தார். தட்டை ஈரத்துணியால் துடைத்தார். எதற்கும் என்னைக் கேட்கவில்லை. நான் ஒயரை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூடத்தில் நாற்பது பேர் இருக்கும். இடம் போதாமல் மாடிப்படியில் கூட உட்கார்ந்திருந்தார்கள்.

தட்டு ஓடியது. எனக்கு அது அன்றைக்கும் போர்வைக்குள்ளிருந்துதான் கேட்டது. அதனால் நான் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, கலாவைப் பார்த்தேன். முதல் பாட்டு பாதி போவதற்குள் அவர் நெற்றிச் சுருக்கம் போய், உதடு லேசாக விரிந்தது. சுத்தமாக ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தட்டில் பாடியவர்களில் மாஸ்டரைத் தவிர மிச்சமிருந்த இரண்டு முதியவர்கள் சோபாவில் உட்கார்ந்து, தங்கள் பழைய குரலோடு சேர்ந்து வாயசைத்தார்கள். யார் யாரோ அழுதார்கள்.

தட்டு முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். மாஸ்டர் எழுந்து நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவர் படிக்கட்டுப் பக்கம் பார்த்து, "ஏஞ்சல், ரூபி, எழுந்து நில்லுங்கம்மா," என்றார். இரண்டு பெண்களும் பயந்துபோய் எழுந்தார்கள், திட்டு வாங்கிப் பழகியவர்கள் இல்லையா.

"ரெண்டு வருஷமா உங்கள எல்லார் முன்னாடியும் திட்டினேன். அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன். நீங்க சரியாத்தான் பாடினீங்க. எனக்குத்தான் காது கேக்கல. என்னை மன்னிச்சிடுங்க."

சின்னவள் முகத்தை மூடிக்கொண்டாள். பெரியவள்தான் சமாளித்துச் சிரித்தாள். "பரவால்ல மாஸ்டர். உங்களுக்குக் கேக்கட்டும்னு நாங்க கத்திக் கத்திப் பாடி, இப்ப எங்க குரல்தான் போயிடுச்சு." எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாஸ்டரும் சிரித்தார். கட்லெட்டும் கேக்கும் வந்தன.

நானும் கலாவும் சாமான்களை வாசலுக்குக் கொண்டுவந்தோம். யாரும் இல்லை. இதுதான் நேரம் என்று நினைத்தேன்.

"கலா, அன்னிக்கு நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாதும்மா. தப்பு என்னுதுதான்."

அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார்: "சார், வியாபாரத்துக்காகப் பேசறேன்னு மாஸ்டர வெச்சிக்கிட்டு சொன்னீங்க. மன்னிப்ப மட்டும் யாரும் இல்லாத வாசல்ல கேக்கறீங்க."

எனக்குக் காது மட்டுமா போயிருந்தது என்று தோன்றியது. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன். உள்ளே போனேன். எல்லோரும் தட்டும் கையுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வீட்டில் மாஸ்டரைத் தவிர யாரையும் தெரியாது. தொண்டையைக் கனைத்தேன், ஒருவரும் திரும்பவில்லை. அப்புறம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"ஒரு நிமிஷம். நான் முருகேசன், ரெக்கார்ட் பிளேயர் ரிப்பேர் பண்றவன். இன்னிக்கு உங்க தட்டு பொழச்சதுக்குக் காரணம் வாசல்ல நிக்கற கலாவதி. ஊசி ஒடஞ்சிருக்குன்னு அவங்க செவ்வாக்கெழமையே சொன்னாங்க. கடைக்கு வியாபாரம் பாக்கறாங்கன்னு மாஸ்டர் முன்னாடியே நான் பழி போட்டேன். அது பொய். அவங்களுக்குக் கேட்டுது, எனக்குக் கேக்கல. இனிமே எங்க கடையில கேட்டுச் சொல்ற வேல அவங்களோடது."

கடைசி வரியை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. கடை ஓனரிடம் கேட்கவும் இல்லை. அதைச் சொன்ன பிறகு என் பிழைப்பு என்ன ஆகும் என்றும் தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது, வந்ததும் மனசு லேசாகிவிட்டது. மாஸ்டர் கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசல் வரைக்கும் நடந்து போய், கலாவின் முன்னால் நின்று கைகூப்பினார்.

கலா பதறிப்போய், "ஐயோ மாஸ்டர், எதுக்கு," என்று பின்னால் நகர்ந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கண் ஈரமாக இருந்தது, ஆனால் குரல் வேலை நாளின் குரலாகவே இருந்தது.

"சரி சார், அந்தப் பக்கம் புடிங்க. ஆம்ப்ளிஃபயர் வெயிட்டா இருக்கு, நான் ஒருத்தியா தூக்க முடியாது."